கூட இருப்பதும் ஒரு வேலைதான்: சமூக டூலா என்றால் யார்?

அமெரிக்காவில் தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு பெண்ணின் அறையில் யார் யார் இருப்பார்கள்? நர்ஸ் இருப்பார். ஆனால் அவருக்குப் பக்கத்து அறையிலும் ஒரு கர்ப்பிணி இருப்பார். பன்னிரண்டு மணி நேரம் முடிந்ததும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். டாக்டர் அவ்வப்போது எட்டிப் பார்ப்பார், பிள்ளையின் தலை தெரியும் நேரத்துக்கு வந்து நிற்பார். மாதாமாதம் பார்த்த டாக்டரே வருவார் என்பதும் நிச்சயமில்லை. அன்று யாருக்கு டியூட்டியோ அவர் வருவார். கணவர் இருப்பார், பாவம், அவருக்கும் இதுதான் முதல் தடவை. பல பிரசவங்களைப் பார்த்துப் பழகியவராக, வலி எடுத்ததிலிருந்து பிள்ளை கைக்கு வரும்வரை அந்த ஒரு பெண்ணை மட்டுமே கவனிப்பவராக அங்கே யாரும் இல்லை. அந்த இடத்தில் வந்து உட்காருபவர்தான் டூலா. அவர்களில் சமூக டூலா என்பவர் யார், கறுப்பினக் குடும்பங்களுக்கும் வேறு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் அவர் ஏன் வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

டூலாவை மருத்துவச்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மருத்துவச்சி உள்பரிசோதனை செய்வார், மருந்து கொடுப்பார், பிள்ளையைக் கையில் வாங்குவார். டூலா இதில் எதையும் செய்ய மாட்டார். ஊசி போடுவதில்லை, பிரஷர் பார்ப்பதில்லை, மானிட்டரைப் படித்துத் தீர்ப்புச் சொல்வதும் இல்லை. வலி எழும்பும்போது இடுப்பின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடிப்பார். வாய் உலர்ந்தால் ஐஸ் துண்டு கொடுப்பார். எபிடியூரல் என்ற வலி மரப்பு மருந்தை முதுகில் போட்டுக் கால் மரத்துப் படுத்திருப்பவளை அரை மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க உதவுவார். நிலக்கடலை வடிவத்தில் ஒரு பெரிய ரப்பர் பந்து உண்டு, அதை முழங்கால்களுக்கு நடுவில் வைத்தால் இடுப்பெலும்பு விரிந்து பிள்ளை இறங்க வழி கிடைக்கும். கணவரிடம், "நீங்கள் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நான் இருக்கிறேன்" என்பார். நம் ஊரில் அம்மாவோ அத்தையோ பார்க்கிற வேலைதான். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவரைத் துணைக்கு அனுமதிக்கும் திட்டம் 2004-இல் வந்தது. எண்ணம் ஒன்றுதான். டூலா இதற்கென்றே பயிற்சி எடுத்தவர், இதையே தொழிலாகச் செய்பவர் என்பதுதான் வேறுபாடு.

சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. டானா ராஃபேல் என்ற மானுடவியலாளர் தாய்ப்பால் பற்றி 1973-இல் எழுதிய நூல் வழியாக ஆங்கிலத்தில் பரவியது. பழைய கிரேக்கத்தில் அதற்குப் பணிப்பெண், இன்னும் நேராகச் சொன்னால் அடிமைப்பெண் என்று பொருள். கறுப்பினப் பெண்கள் சிலர் இந்தப் பெயரே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுத் தங்களைப் பிறப்புப் பணியாளர் என்று சொல்லிக்கொள்வதற்குக் காரணம் அதுதான். நியாயமான காரணம். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டதால் இங்கேயும் டூலா என்றே எழுதுகிறேன்.

சும்மா கூட இருப்பதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்கலாம். மார்ஷல் கிளாஸ், ஜான் கெனல் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் அதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். முதலில் குவாத்தமாலாவில், அந்த முடிவுகள் 1980-இல் வெளிவந்தன. பிறகு ஹூஸ்டனில், ஏழைப் பெண்கள் வரும் ஓர் அரசு ஆஸ்பத்திரியில், அறுநூற்றுச் சொச்சம் பெண்களை வைத்து. 1991-இல் வந்த இந்த ஹூஸ்டன் ஆய்வில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெண்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு டூலா. ஒரு கூட்டத்துக்கு வழக்கமான கவனிப்பு. மூன்றாவது கூட்டத்தின் அறைகளில் ஒரு பெண் ஓரமாக உட்கார்ந்து குறிப்பு மட்டும் எடுப்பார். பேச மாட்டார், தொட மாட்டார். வழக்கமான கவனிப்பில் சிசேரியன் 18 சதவீதம். டூலா இருந்தபோது 8 சதவீதம். ஓரமாக வாய் திறக்காமல் ஒரு பெண் உட்கார்ந்திருந்த அறைகளில் 13. இந்த நடு எண்ணைத்தான் நான் மறக்க முடியாமல் வைத்திருக்கிறேன். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே பிரசவத்தின் போக்கைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது. பிற்பாடு 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீடும் அதே திசையில்தான் கை காட்டியது: தொடர்ந்து ஒருவர் துணையிருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரம் கொஞ்சம் சுருங்குகிறது, "என் பிரசவம் மோசமாக நடந்தது" என்று சொல்கிறவர்களும் குறைகிறார்கள்.

இப்படி ஓர் ஆய்வு முடிவு வந்தால் அமெரிக்காவில் என்ன நடக்கும்? காசுள்ளவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நடந்தது அதுதான். தனியாக ஒரு டூலாவை அமர்த்த ஆயிரம் டாலர், இரண்டாயிரம் டாலர் என்று ஆகும், பெரிய நகரங்களில் இன்னும் மேலே. கைக்காசு போட வேண்டும். ஹூஸ்டனில் ஏழைப் பெண்களை வைத்துக் கண்டுபிடித்த ஒன்று வசதியான வெள்ளைக்காரக் குடும்பங்களின் சௌகரியமாகிப் போனது.

சிகாகோவில் 1996-இல் வேறு மாதிரி ஒரு முயற்சி தொடங்கியது. பதின்ம வயதிலேயே தாயாகிற ஏழைப் பெண்களுக்கு, அவர்கள் பேட்டையிலேயே இருக்கும் பெண்களை டூலாவாகப் பயிற்றுவித்துச் சம்பளம் கொடுத்து அனுப்புவது. அதை நடத்திய அமைப்பின் இன்றைய பெயர் ஹெல்த்கனெக்ட் ஒன். சமூக டூலா என்ற ஏற்பாடு ஒரு திட்டமாக உருப்பெற்றது இங்கேதான். பணம் கொடுத்து அமர்த்தும் டூலாவுக்கும் இவருக்கும் முக்கியமாக இரண்டு வித்தியாசங்கள். ஒன்று, அவர் யார் என்பது: அதே தெரு, அதே மொழி, அதே சர்ச் அல்லது மசூதி, அதே பஸ் ரூட். இரண்டு, எவ்வளவு காலம் என்பது. வழக்கமான டூலா பிரசவத்துக்கு முன் இரண்டு முறை வருவார், பின்னால் ஒன்றிரண்டு முறை வருவார். சமூக டூலா வாயும் வயிறுமாக இருக்கும் மாதங்களிலேயே வீட்டுக்கு வரத் தொடங்கிவிடுவார். பிள்ளை பிறந்த பிறகும் பல மாதம், சில திட்டங்களில் ஒரு வருஷத்துக்கு மேலும், வந்துகொண்டிருப்பார். பெண்ணுக்கு ஒரு பைசா செலவில்லை.

சரி, இதில் கறுப்பினக் குடும்பங்களைத் தனியாகச் சொல்வானேன்?

ஏனென்றால் எண்கள் அப்படி. 2023-இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 18.6 தாய்மார்கள் இறந்தார்கள். வெள்ளையினப் பெண்களிடையே அது 14.5. கறுப்பினப் பெண்களிடையே 50.3. மூன்று மடங்குக்கும் மேல். ஏழ்மை என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியாது. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2008 முதல் 2012 வரையான பிரசவங்களைப் பார்த்தபோது, கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்கள், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களைவிட அதிகமாகப் பிரசவத்தில் உயிராபத்தான சிக்கல்களைச் சந்தித்தது தெரிந்தது. படிப்பும் வேலையும் வீடும் எல்லாம் இருந்தும் ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண் கறுப்பாகத்தான் தெரிகிறாள்.

ஷாலன் ஐர்விங்கின் மரணத்தை இதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்காவில் அடிக்கடிச் சொல்வார்கள். அவர் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் ஆய்வாளர், முனைவர் பட்டம் பெற்றவர். இன வேறுபாடு எப்படி உடல்நலத்தைப் பாதிக்கிறது என்பதே அவர் ஆராய்ந்த விஷயம். 2017 ஜனவரியில் மகள் பிறந்தாள். பச்சை உடம்போடு வீடு திரும்பியவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது, கால் வீங்கியது, எடை கூடியது. திரும்பத் திரும்ப மருத்துவர்களிடம் போனார். மகளுக்கு மூன்று வாரம் ஆகும்போது அவர் மயங்கி விழுந்து, சில நாட்களில் இறந்துபோனார். வயது 36.

அதே ஆண்டு செப்டம்பரில் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்குச் சிசேரியனில் மகள் பிறந்தாள். மறுநாள் அவருக்கு மூச்சுத் திணறியது. நுரையீரலில் ரத்தம் உறையும் கோளாறு அவருக்கு முன்பே வந்திருக்கிறது, அறிகுறி அவருக்கு அத்துபடி. சி.டி. ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றுங்கள் என்று அவரே நர்ஸிடம் சொன்னார். வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். முதலில் காலுக்கு அல்ட்ராசவுண்ட் செய்தார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை. பிடிவாதமாக நின்று ஸ்கேன் எடுக்கவைத்தபோது நுரையீரலில் உறைந்த ரத்தக் கட்டிகள் தெரிந்தன. உலகத்திலேயே பேர்போன விளையாட்டுக்காரர்களில் ஒருவருக்கு இந்தக் கதி என்றால், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கடை ஒன்றில் கல்லாப்பெட்டி பார்க்கிற பெண் சொன்னால் யார் காதில் விழும்?

இதில் தனிமனிதர்களின் கெட்ட எண்ணத்தைத் தேடினால் பாதிதான் அகப்படும். மீதி ஏட்டிலேயே எழுதியிருந்தது. முதல் பிள்ளை சிசேரியன் என்றால் அடுத்ததைச் சுகப்பிரசவமாகப் பெற முயற்சி செய்யலாமா என்று கணக்குப் போட அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கால்குலேட்டரைப் பயன்படுத்திவந்தார்கள். வயது, எடை, முந்தைய பிரசவம் எல்லாம் உள்ளே போடுவார்கள். கூடவே இனமும். கறுப்பினம் அல்லது ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) என்று குறித்தால் வெற்றி வாய்ப்பு தானாகவே குறைந்து வரும். மற்ற விவரங்கள் எல்லாம் ஒன்றாக இருந்தாலும் அப்படித்தான். எண் குறைந்தால் மருத்துவர் மறுபடியும் கத்தியைத்தான் சொல்வார். 2021-இல்தான் இனத்தை எடுத்துவிட்டுப் புதிய கணக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுப்பினச் சமூகத்துக்குப் பிரசவத் துணை என்பது புதிதாக இறக்குமதியான சரக்கு இல்லை. தென் மாநிலங்களில் அடிமைக் காலத்திலிருந்தே பாட்டி மருத்துவச்சிகள் என்று ஒரு பரம்பரை இருந்தது. கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளையும், பல ஊர்களில் வெள்ளைக்கார ஏழைகளின் பிள்ளைகளையும், அவர்கள்தான் கையில் வாங்கினார்கள். தாய்-சேய் நலத்துக்காக மாநிலங்களுக்குப் பணம் கொடுத்த ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் 1921-இல் வந்த பிறகு மாநிலங்கள் அவர்களைப் பதிவு செய்து கண்காணிக்கத் தொடங்கின. அரசு நர்ஸ் வரும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். வெள்ளை ஏப்ரன், கத்தரிக்கோல், சோப்பு, பிரஷ் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். வேரோ மூலிகையோ இருந்தால் உரிமம் போகும். கொஞ்சம் கொஞ்சமாக உரிமம் கொடுப்பதையே நிறுத்தினார்கள். அலபாமா மாநிலம் 1976-இல் சட்டம் போட்டு முடித்துவைத்தது. அங்கே கிரீன் கவுண்டியில் மார்கரெட் சார்ல்ஸ் ஸ்மித் என்ற மூதாட்டி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பிறக்கவைத்தவர். அவர் கையையும் கட்டிப்போட்டார்கள். கைராசிக்காரக் கிழவிகள் போனார்கள், ஆனால் அவர்கள் இடத்தில் அந்தக் கிராமங்களுக்கு மருத்துவர் யாரும் வந்து உட்காரவில்லை. இன்றைய கறுப்பின டூலாக்கள் பலர் தங்களை அந்தப் பாட்டிகளின் பேத்திகள் என்று சொல்லிக்கொள்வதில் உணர்ச்சி மட்டும் இல்லை, பறிபோனதற்கு நியாயம் கேட்பதும் இருக்கிறது.

அப்படியானால் சமூக டூலா நடைமுறையில் என்ன செய்கிறார்? கற்பனையாக ஒரு வீட்டுக்குப் போவோம். நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஃபிளாட்புஷ் பக்கம், நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. பெண்ணுக்கு எட்டாவது மாதம், ஹெய்ட்டியிலிருந்து வந்து மூன்று வருஷம். டூலாவும் ஹெய்ட்டிக்காரர், ஷூவைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறையில் போய் உட்காருவார். பேச்சு எங்கேயோ தொடங்கும்: வேலை, வீட்டுக்காரர், வாடகை. நடுவில் ஃபிரிட்ஜைப் பார்ப்பார், இல்லாததைப் பார்ப்பார். உணவு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்றா என்று கேட்பார். பிள்ளைக்கான கார் இருக்கையைப் பற்றிக் கேட்பார், ஏனென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் காரில் கூட்டிவர அது வேண்டும். அப்புறம்தான் பிரசவம்.

அப்போது சொல்லிக்கொடுக்கும் ஐந்து கேள்விகள் டூலாக்கள் மத்தியில் வாய்ப்பாடு மாதிரி. டாக்டர் ஏதாவது செய்யலாம் என்று சொன்னால், அவசர ஆபத்து இல்லாத பட்சத்தில், கேட்க வேண்டியவை: இதனால் என்ன நன்மை? என்ன ஆபத்து? வேறு வழி இருக்கிறதா? என் மனசுக்கு என்ன படுகிறது? இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் கொஞ்சம் பொறுத்தால் என்ன ஆகும்? இதை அந்தச் சமையலறை மேஜையிலேயே நடித்துப் பார்ப்பார்கள். டூலா டாக்டராக நடிப்பார். வேண்டுமென்றே அவசரப்படுத்துவார், கடிகாரத்தைப் பார்ப்பார். பெண் தடுமாறாமல் கேட்டுப் பழக வேண்டும். இன்னொரு வித்தையும் உண்டு. கேட்ட பரிசோதனையை மருத்துவர் மறுத்தால், "சரி, நான் கேட்டதையும் நீங்கள் மறுத்ததையும் என் கோப்பில் எழுதிவிடுங்கள்" என்று அமைதியாகச் சொல்வது. அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம் பல சமயம் பரிசோதனை நடந்துவிடும் என்பார்கள்.

டூலா பெண்ணுக்காக வாதாட மாட்டார் என்பதைக் கவனியுங்கள். டாக்டரோடு சண்டைக்குப் போனால் அறையைவிட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள், அதோடு துணையும் போயிற்று. அவர் பெண்ணின் பக்கம் திரும்பி, "உனக்கு ஏதோ கேட்க வேண்டும் என்றாயே?" என்பார். டாக்டர் நிற்பார். பெண் கேட்பாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

பிரசவத்துக்குப் பிறகுதான் சமூக டூலாவின் வேலை உண்மையில் கனக்கிறது என்பது என் எண்ணம். அமெரிக்காவில் 2017 முதல் 2019 வரை நடந்த கர்ப்பகால மரணங்களை 36 மாநிலங்களின் குழுக்கள் ஒவ்வொன்றாகப் பரிசீலித்தன. அவற்றில் பாதிக்கு மேல், 53 சதவீதம், பிள்ளை பிறந்து ஒரு வாரத்துக்குப் பிறகு ஒரு வருஷத்துக்குள் நடந்தவை. ஐந்தில் நான்குக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை. எல்லோரும் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் காலம் அது. தாயைப் பார்க்க ஆள் இல்லை. வழக்கமான பரிசோதனை ஆறாவது வாரத்தில்தான்.

நம் வழக்கத்தில் பிள்ளை பெற்றவளைத் தாய்வீட்டில் படுக்கவைத்துப் பத்தியச் சாப்பாடு கொடுப்பார்கள். அமெரிக்காவில் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு தரச் சொல்லும் நாடு தழுவிய சட்டமே இல்லை. இரண்டாவது வாரமே வேலைக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்களில் டூலா வந்து கதவைத் தட்டுகிறார். தலைவலி என்கிறாள் பெண். தூக்கம் போதவில்லை, அதனால் இருக்கும் என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொள்கிறாள். மாத்திரை போட்டும் போகாத தலைவலியா, கண்ணில் பூச்சி பறக்கிறதா, முகம் வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று டூலா கேட்பார். வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் அவளையே பார்க்கச் சொல்வார். மேல் எண் 160 அல்லது கீழ் எண் 110 தொட்டால் நாளைக்கு என்ற பேச்சே கிடையாது, அப்போதே ஆஸ்பத்திரி. போனதும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் சொல்லிக்கொடுப்பார்: "எனக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள் ஆகிறது." அவசரப் பிரிவில் அதைச் சொல்லாவிட்டால் வெறும் தலைவலிக்காரியாக வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள்.

ஃபிளாட்புஷ் பெண்ணை ஹெய்ட்டியிலிருந்து வந்தவளாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்களில் பத்தில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்தவர்: ஜமைக்கா, ஹெய்ட்டி, நைஜீரியா, எத்தியோப்பியா, சோமாலியா. ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு நிறத்தின் சுமையும் உண்டு, வந்தேறி என்ற சுமையும் உண்டு.

மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பணம் வாங்கும் ஆஸ்பத்திரி இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்பது சட்டம். தருவார்கள், பெரும்பாலும் சக்கரம் வைத்த கம்பத்தில் ஒரு டேப்லெட் திரையாக, அல்லது ஸ்பீக்கரில் ஒரு குரலாக. வலி உச்சத்தில் இருக்கும்போது முன்பின் பார்த்திராத ஓர் ஆணின் குரல் அந்தக் கருவியிலிருந்து கேள்வி கேட்டால் ஒரு சோமாலியப் பெண் எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள் என்று யோசித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் சொல்லை மாற்றித் தருவார். சொல்லாததை அவர் தர முடியாது. சோமாலியாவில் பல பெண்களுக்குச் சிறுவயதிலேயே பிறப்புறுப்பைச் சிதைத்துத் தைத்திருப்பார்கள். அமெரிக்க மருத்துவர் அதைப் பார்த்து அதிர்ந்து முகம் மாறுவது, இல்லை நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவது, அவளுக்கு வலியைவிடப் பெரிய அவமானம். அவளுக்குச் சிசேரியன் என்றால் மரணபயமும் சேர்ந்துகொள்ளும், ஏனென்றால் ஊரில் அறுவை என்பது கடைசிக் கட்டத்தில் நடப்பது, பலர் பிழைக்காதது. இந்தப் பயம் தெரியாத டாக்டருக்கு அவள் சொல்பேச்சுக் கேட்காத நோயாளி. சோமாலிய டூலாவுக்கு அது சொல்லாமலே தெரியும். எட்டாம் மாதத்திலேயே அதைப் பற்றிப் பேசி, மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவைத்திருப்பார். சியாட்டிலில் 1997-இல் தொடங்கிய ஓப்பன் ஆர்ம்ஸ் போன்ற அமைப்புகள் சோமாலிய, ஸ்பானிஷ் பேசும் பெண்களையே டூலாக்களாக வைத்ததன் காரணம் இதுதான்.

அப்புறம் காப்பீடு. மெடிக்கெய்ட் என்பது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, அமெரிக்கப் பிரசவங்களில் பத்தில் நான்குக்கு அதுதான் பணம் கட்டுகிறது. பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவர்கூட பொதுவிதியாக ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்ய 2009 முதல் மாநிலங்களுக்கு அனுமதி உண்டு, பல மாநிலங்கள் செய்திருக்கின்றன. குடியேற்றக் காகிதமே இல்லாதவருக்கு அவசரப் பிரிவில் பிரசவம் பார்ப்பார்கள், அதற்கு முன்னும் பின்னும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இதெல்லாம் வக்கீலுக்கே தலை சுற்றும் விவகாரம். அரசு உதவி வாங்கினால் குடியேற்ற வழக்குக் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் வாங்க வேண்டியதையும் வாங்காதவர்கள் ஏராளம். படிவத்தை நிரப்பிக்கொடுப்பதும், எந்தக் கிளினிக்கில் கேள்வி கேட்காமல் பார்ப்பார்கள் என்று சொல்வதும் டூலாவின் வேலையில் வந்துவிடுகிறது. யாரும் பயிற்சியில் முழுதாகச் சொல்லிக்கொடுக்காத பாடம் இது. தானே அந்த வழியில் வந்தவராக இருந்தால் தெரிந்திருக்கும்.

டூலாவை மந்திரக்கோலாக்கிப் பேசுகிறவர்களும் உண்டு, அது எனக்குப் பிடிப்பதில்லை. புரூக்ளினில் நகரச் சுகாதாரத் துறை 2010-இல் தொடங்கிய 'பை மை சைட்' என்ற டூலா திட்டத்தின் முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. அந்தத் திட்டத்தில் இருந்த பெண்களிடையே குறைமாதப் பிரசவம் 6.3 சதவீதம், அதே பகுதியில் மற்றவர்களிடம் 12.4. கிட்டத்தட்ட பாதி. ஆனால் சிசேரியன் விகிதத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. தானே முன்வந்து திட்டத்தில் சேர்ந்தவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டது என்பதால் அந்த நல்ல எண்ணையும் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் எடுக்க வேண்டும். சிசேரியன் செய்வது ஆஸ்பத்திரி. அதன் பழக்கம் மாறாமல் இடுப்பைப் பிடித்துவிடுபவரால் எவ்வளவு மாற்ற முடியும்? 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நியூயார்க்கில் சில ஆஸ்பத்திரிகள் துணைக்கு ஒருவரையும் விடாமல் கதவைச் சாத்தின. ஆளுநர் உத்தரவு போட்டுத் திறக்கவேண்டியிருந்தது. டூலாவைத் தனியாகக் குறிப்பிட்டு அனுமதிக்க அடுத்த மாதக் கடைசி ஆயிற்று. அதுவரை டூலாக்கள் வெறும் பார்வையாளர்கள்.

பணம்தான் இன்னொரு சிக்கல். சமூக டூலாவும் அதே ஏழைப் பேட்டைக்காரர் என்பதை மறந்துவிடக் கூடாது. இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தால் தன் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், முப்பது மணி நேரம் கழித்துத் திரும்புவார். மினசோட்டா மாநிலம் 2014-இல் மெடிக்கெய்ட் வழியாக டூலாவுக்குப் பணம் தரத் தொடங்கியபோது, வீட்டுச் சந்திப்புகளும் பிரசவமும் எல்லாம் சேர்த்துக் கொடுத்தது 411 டாலர். மணிக்கணக்கில் பிரித்தால் ஹோட்டலில் தட்டுக் கழுவுவது மேல். ஆகவே பல டூலாக்கள் அந்தப் பக்கமே போகவில்லை, சட்டம் காகிதத்தில் இருந்தது. 2024 முதல் அங்கே பிரசவத்துக்கு 1,400 டாலர், ஒவ்வொரு சந்திப்புக்கும் 100. கலிஃபோர்னியா 2023 ஜனவரியிலும் நியூயார்க் 2024 மார்ச்சிலும் தங்கள் மெடிக்கெய்டில் டூலாவைச் சேர்த்தன. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. பணம் வரும்போது கூடவே சான்றிதழ், பதிவு எண், பில் குறியீடு என்று ஒவ்வொன்றாக வருகின்றன. பாட்டி மருத்துவச்சிகளுக்கும் உரிமம் என்ற பெயரில்தான் கதை தொடங்கியது என்று பழையதை நினைத்துச் சிலர் தயங்குவதைக் குறைசொல்ல முடியவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் உங்களுக்கோ, உங்கள் பக்கத்து வீட்டு எத்தியோப்பியப் பெண்ணுக்கோ டூலா வேண்டுமென்றால், மெடிக்கெய்ட் அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து டூலா உண்டா என்று கேட்பதுதான் முதல் வேலை. நியூயார்க் நகரில் 2022 முதல் நகரமே இலவச டூலாக்களை அனுப்புகிறது. நான்காம் ஐந்தாம் மாதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது; ஆள் குறைவு, தேடுபவர் அதிகம். முதல் சந்திப்பில் உங்கள் பக்கமிருந்து கேட்கவும் சில உண்டு. இந்த ஆஸ்பத்திரியில் முன்னால் பிரசவத்துக்குப் போயிருக்கிறாரா? தனக்கு முடியாமல் போனால் பதிலுக்கு வருபவர் யார், அவரையும் இப்போதே பார்க்க முடியுமா? பிள்ளை பிறந்து எத்தனை வாரம் வரை வருவார்? இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பாரா? கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்தால், அனுபவம் உள்ளவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.